இறந்தோருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் எது?

இறந்துபோன முன்னோருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் புகழா, உண்மையா? இரண்டும் ஒன்றாகச் செல்லும்வரை இக்கேள்வி எழுவதில்லை. இரண்டும் பிரியும் இடத்திலேதான் மனச்சாட்சிக்கு வேலை வருகின்றது.

இதனை வெறும் கொள்கையளவில் பேசுவதிலும் பார்க்க ஓர் உதாரணத்தை முன்வைத்துப் பேசுவது பயனுடைத்து. இங்கிலாந்திலும், அங்கிருந்து கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் தம் குலவழியைத் தேடுவோர் இன்று ஏராளம். அவர்களுள் பலர் தேடுவது பிரபுக்களையல்ல. கூலிக்குக் கல் பொழிந்த கற்கொத்தர்களை. அதற்கு அவர்களுக்கு உதவும் சான்றுகள் இருவகை. ஒன்று பங்குக் கோவில் இடாப்பு. மற்றையது கற்கொத்தர் தொழில் விட்டுச்சென்ற கணக்குகள். இவை என்ன நோக்கத்துக்காக எழுதப்பட்டன என்பதை அறிந்தாலன்றி, அவற்றிலிருந்து எழும் ஒழுக்கக் கேள்வியை விளங்கிக்கொள்ள முடியாது.

இடாப்பு பிறந்த கதை

1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தோமஸ் குரொம்வெல் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் அவ்வாரம் நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் ஞாயிறுதோறும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். அப்புத்தகத்தை இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் வைத்துக் காக்கவேண்டும் என்பதே அக்கட்டளை. இது புதிய வரி ஒன்றுக்கான சூழ்ச்சியோ என்று மக்கள் அஞ்சினர். 1598ஆம் ஆண்டின் கட்டளை, இடாப்பைத் தோல் ஏட்டில் எழுதவும், ஆண்டுதோறும் அதன் பிரதியொன்றை ஆயருக்கு அனுப்பவும் விதித்தது. ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சும் என்ற ஏற்பாடு அது.

மக்கள் அஞ்சிய வரியும் காலம் தாழ்த்தி வந்தே சேர்ந்தது. 1783ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வறியவருக்கு மாத்திரம் விலக்கு. 1794இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஆகவே அந்தப் பதினோராண்டுகளில் ஒருவர் பெயருக்கு அருகில் 'வறியவர்' என்று எழுதியிருந்தால், அவர் உண்மையில் வறியவரா, அல்லது இரக்கமுள்ள குருவானவர் அவருக்கு மூன்று பென்ஸை மிச்சப்படுத்தினாரா என்பது இடாப்பைக் கொண்டு மட்டும் சொல்லக்கூடியதன்று.

1754ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விவாகச் சட்டம் இன்னொரு சிக்கலைத் தந்தது. யூதருக்கும் குவேக்கர் சபையினருக்கும் மாத்திரமே அச்சட்டம் விலக்களித்தது. கத்தோலிக்கருக்கு விலக்கில்லை. தம் விவாகம் சட்டப்படி செல்லுபடியாகவேண்டுமென்றால், 1837வரை அவர்கள் அங்கிலிக்கன் பங்குக் கோவிலில் அந்தச் சபையின் குருவானவர் முன்னிலையிலேயே விவாகம் செய்யவேண்டியிருந்தது. ஆகவே அவ்விடாப்பில் பாட்டனின் கையொப்பத்தைக் காணும் பேரன், அவர் எந்த விசுவாசத்தில் வாழ்ந்தார் என்று அதிலிருந்து முடிவு கட்டலாகாது. அவர் எங்கே நின்றார் என்பதை இடாப்பு சொல்லுகின்றது. அவர் உள்ளம் எங்கே நின்றது என்பதைச் சொல்லவில்லை.

தந்தையின் தொழிலை எழுத இடாப்பில் தனி நிரல் வந்தது 1813ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் 'கற்கொத்தர்' என்ற சொல் வருவதும் வராததும் எழுதிய குருவானவரின் விருப்பம். தாயின் நிலையோ இன்னும் மோசம். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் அவளது பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் அவளது சொந்தப் பெயரே இல்லை. 'இன்னாரின் மனைவி' என்பதுடன் அவள் கதை முடிகின்றது.

கல்லின் கணக்கு

இனித் தொழிற் கணக்குகளைப் பார்ப்போம். முதலாம் எட்வேட் மன்னன் 1277இல் செஷயர் பகுதியில் வேல் றோயல் என்னும் துறவற மடத்தைக் கட்டத் தொடங்கினான். 1278 முதல் 1280 வரையான அதன் கட்டடக் கணக்கு இன்றும் உள்ளது. அதில் கற்கொத்தர்களின் பெயர்களும் அவர்கள் பெற்ற கூலியும் இருக்கின்றன. அவர்களுட் பலருக்குப் பிறந்த ஊரே அடைபெயர். தலைமைக் கற்கொத்தரே 'ஹெரபோர்ட் ஊர் வோல்டர்'தான்.

கொள்ளைநோயின் பின் ஆட்கள் குறைந்து கூலி ஏறியபோது, 1351ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அதைத் தடுக்க முற்பட்டது. தலைமைக் கற்கொத்தருக்கு நாளொன்றுக்கு நான்கு பென்ஸ், ஏனையோருக்கு மூன்று பென்ஸ் என்று வரையறை செய்தது. பழைய கோவிற் சுவர்களில் இன்றும் காணப்படும் கற்கொத்தர் குறிகளையும் பலர் புகழுக்கு வெட்டிய கையொப்பம் என்று எண்ணுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை, கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர்கள் தத்தம் கல்லை எண்ணிக் கணக்குத் தீர்ப்பதற்காக இட்டவையே. ஒரே குறியை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மனிதர் பயன்படுத்தியதும் உண்டு.

பிற்காலத்தில், 1830களில், கற்கொத்தர்கள் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். வேலை தேடி ஊர் ஊராய் நடந்து செல்லும் அங்கத்தவருக்குச் சங்கக் கிளைகள் உணவும் படுக்கையும் தந்தன. இரு வாரங்களுக்கு ஒருமுறை அச்சிட்ட அறிக்கை கிளைகளுக்குச் சென்றது. இத்தொழிலாளர் 1841ஆம் ஆண்டு இலண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருக்கையில், மேற்பார்வையாளர் ஒருவரின் கொடுமையைப் பொறுக்கமாட்டாது வேலைநிறுத்தம் செய்தனர். அது 1842வரை நீடித்தும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. சங்க ஏடுகளில் நற்பெயர் மட்டுமன்றி, சங்கத்துக்குத் துரோகம் செய்தோர், 'கருங்காலிகள்' என்றோரின் பெயர்களும் வந்தன. அச்சங்கத்தின் பழைய ஏடுகள் இன்று வோரிக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் ஒன்றேனும் ஏழைகளைக் கௌரவிக்க எழுதப்பட்டதன்று. அரசு மக்களை எண்ணவும், கூலியைக் கணக்கிடவும், வரியை அறவிடவும், சங்கக் கட்டுப்பாட்டைக் காக்கவுமே அவை எழுதப்பட்டன. எனினும் அவற்றினாலேயே, வேறெவரும் நினைவில் வைத்திராத ஏழைகளின் பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது.

மூன்று சோதனைகள்

இத்தகைய ஏடுகளைத் திறப்பவனுக்கு மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, தெரிந்தெடுக்கும் சோதனை. பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் ஒருவனுக்கு முன்னோர் 1,024 பேர் என்பது கணக்கு. அவர்களுள் ஒரு வீரனையோ ஒரு செல்வனையோ பிடித்துக்கொண்டு, ஏனைய ஆயிரவரையும் கைவிடுவது எளிது. ஒரே பங்கில் ஒரே பெயருடையோர் இருவர் இருந்தால், வசதியான மனிதனே தம் பாட்டன் என்று துணிவோரும் உளர். இது சிறு தவறன்று. பிறர் வீட்டு இறந்தோரைத் தமதாக்கிக்கொள்வதோடு, தம் வீட்டு இறந்தோரை இரண்டாம் முறை புதைப்பதும் ஆகும். கற்கொத்தரின் மகனான நாவலாசிரியர் தோமஸ் ஹார்டி இச்சோதனையை நன்கு அறிந்தவர். 1891இல் வெளிவந்த 'டெஸ்' நாவலில், ஓர் ஏழையிடம் அவன் பழைய பிரபு குலத்தின் வழித்தோன்றல் என்று ஒரு குருவானவர் சொல்லுகின்றார். அந்த ஒரு செய்தியே அக்குடும்பத்தின் அழிவுக்கு வாசல் திறக்கின்றது. ஆயினும் அதே ஹார்டி, தம் குலம் ஜேர்சித் தீவின் லெ ஹார்டி குடும்பத்திலிருந்து வந்தது என்று எண்ணி மகிழ்ந்தவரே. பெருமைக்கு எதிராக எழுதியவரையும் பெருமை விடவில்லை!

இரண்டாவது, மறைக்கும் சோதனை. இடாப்பில் விவாகமின்றிப் பிறந்த பிள்ளைகளின் பெயருக்கருகே கடுமையான சொற்கள் எழுதப்பட்டுள்ளன. பங்கு நிதிக்குப் பாரமாகக்கூடாதென்று, அத்தகைய தாயை விசாரித்துத் தந்தையின் பெயரைப் பெற்று, அவனிடம் பிணைமுறி எழுதி வாங்குவது பங்கு அதிகாரிகளின் வழக்கம். தன் பூட்டனின் பெயரை அம்முறியில் காண்பவன் ஏட்டை மெல்ல மூடிவிட நினைப்பான். ஆனால் இதே இடாப்புகளுட் சிலவற்றில், அப்படிப் பிறந்த பிள்ளையை இலத்தீனில் 'மக்களின் மகன்' என்று எழுதியோரும் உளர். தந்தை பெயர் தெரியாத குழந்தைக்கு ஊர் முழுவதையும் தந்தையாக்கிய சொல்லாக அதை நாம் வாசிக்கலாகாதா?

மூன்றாவது, தீர்ப்பிடும் சோதனை. சங்க ஏட்டில் 'கருங்காலி' என்ற பட்டியலில் ஒருவன் பெயர் இருக்கின்றது. அவன் வேலைக்குப் போனான் என்பது உண்மை. ஆனால் அன்று அவன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் பசியோடிருந்தன? கல்தூசி நிறைந்த நெஞ்சோடு அவன் எத்தனை நாள் இருமிக்கொண்டிருந்தான்? அதை எவரும் எழுதவில்லை. அதேபோன்று, தோழரைக் கைவிடாது நின்று தன் பிள்ளைகளோடு பட்டினி கிடந்தவனின் துன்பமும் எங்கும் எழுதப்படவில்லை. செயலை ஏடு சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

உண்மை அறியாது வெட்கப்படுவதற்கும் இடமுண்டு. 1752க்கு முன்னர் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25ஆந் தேதி. ஆகவே ஒரு தம்பதியர் 1700 மே மாதத்தில் விவாகம் செய்து, அவர்கள் பிள்ளை '1700 பெப்ரவரி'யில் ஞானஸ்நானம் பெற்றதாக இடாப்பு சொன்னால், பிள்ளை விவாகத்துக்கு முந்தியது என்று அர்த்தமன்று. மே மாதத்துக்குப் பின் வந்த பெப்ரவரி அது. நம் கணக்கில் 1701. இதை அறியாதவன், ஒரு நல்ல தாயின் மீது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வீண்பழி சுமத்திவிடுவான்.

உண்மையும் நாவடக்கமும்

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? ஒழுக்க இயலார் இரு குற்றங்களை வேறுபடுத்துவர். பொய்யாகப் பழிசுமத்துவது அவதூறு. உண்மையாயினும், தக்க காரணமின்றிப் பிறர் மறைவான குற்றத்தை வெளியிடுவது புறங்கூறல். இறந்தவரின் நற்பெயருக்கும் இது பொருந்தும். எனவே கண்டதையெல்லாம் உரக்கச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. வீட்டில் முதிய பேத்தி ஒருத்தி உயிரோடிருந்து, தன் பாட்டனின் பிறப்பைப் பற்றிய செய்தி அவள் நெஞ்சைப் புண்படுத்துமானால், அவள் வாழ்நாளில் மௌனம் காப்பது குற்றமன்று, அது அன்பே. ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு. அவள் மனம் ஆறுதற்காக இல்லாத விவாகமொன்றை வமிசாவளியில் எழுதி வைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அப்படி எழுதினால், பின்வருவோர் உண்மையைக் காணும் வழியும் அடைபட்டுப்போம்.

மேலும், விவாகமின்றிப் பிறந்தது பிறந்தவனின் குற்றமன்று. அவன் பெயரை மறைப்பவர் அவனைக் காப்பாற்றுவதில்லை. அவன் செய்யாத குற்றத்துக்கு அவனை மீண்டும் தண்டிக்கின்றார். மத்தேயு எழுதிய வமிசாவளி தாமாரையும், இராகாபையும், ரூத்தையும், உரியாவின் மனைவியையும் மறைக்கவில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

பெருமையும் வெட்கமும் நாம் உழைத்துச் சம்பாதித்தவை அல்ல. பாட்டன் செதுக்கிய தூணைக் காட்டி நாம் பெருமை கொள்வதும், பாட்டி பெற்ற பிள்ளையை எண்ணி நாம் வெட்கம் கொள்வதும் ஒரே மயக்கத்தின் இரு பக்கங்கள். நம் கையில் மெய்யாக இருப்பது நன்றி ஒன்றே. அந்த ஆயிரத்து இருபத்துநால்வருள் ஒருவர் குறைந்திருந்தாலும் நாம் இங்கே இருக்கமாட்டோம். கருங்காலி என்று எழுதப்பட்டவனுக்கும், பெயரே எழுதப்படாத மனைவிக்கும் அது பொருந்தும்.

ஆகவே இறந்தோருக்குரிய கடன் உண்மையே என்று கூறத் துணிகின்றோம். ஆனால் அது தீர்ப்பில்லாத உண்மையாக இருக்கவேண்டும். ஏடு சொல்வதை ஏடு சொல்வதாக எழுதுவோம். ஏடு சொல்லாத இடத்தை விருப்பத்தால் நிரப்பாது வெறுமையாகவே விடுவோம். காரணம் தெரியாத செயலுக்குத் தண்டனை விதிக்காதிருப்போம். நாளை நம் பெயரும் ஏதோவொரு புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கும். நாம் ஏன் அப்படிச் செய்தோம் என்பது அந்த வரியில் இராது. அதை வாசிப்பவரிடமிருந்து நாம் எதை எதிர்பார்ப்போமோ, அதையே இன்று நம் முன்னோருக்குக் கொடுப்பது நீதி.