கடைசித் துளிக்குப் பிறகு

அந்த முதியவர் ஏன் தாள்களைத் திரும்பப் போய் எடுத்துவந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விஸ்கான்சினில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம்வரை போகும். அது முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுக்காரர் தன் வேட்டைத் தோழர்களைக் கராஜுக்கு அழைத்திருந்தார். என்னையும் கூப்பிட்டார். வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே ஹீட்டர், மடக்கு நாற்காலிகள், பெரிய பானையில் மான்கறி சில்லி. ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் பருவத்தில் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஒரு பெண்மணி, நாணை முழுவதும் இழுத்துப் பிடித்திருந்த நேரத்தில் மான் நிமிர்ந்து தன்னையே பார்த்ததையும், தோள் நடுங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டுக் கடைசியில் அம்பு விடாமலே நாணைத் தளர்த்தியதையும் சொன்னார். ஒரு இளைஞனுக்குக் காற்று திசை மாறிவிட்டது. வாடை தெரிந்ததும் மான் மூக்கால் சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாம். கொன்ற கதைகளைவிடக் கொல்லாமல் போன கதைகளே அங்கே அதிகம். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

பிறகு முதியவரின் முறை வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அதிகம் பேசுகிறவர் இல்லை.

நவம்பர் முதல் வாரம், பொழுது சாயும் நேரம். பிணைமானைத் தேடி ஆண்மான்கள் எச்சரிக்கையை மறந்து அலையும் நாட்கள் அவை. மரத்தில் கட்டிய பரணில் அவர் இருந்தார். இருபது கெஜத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. அம்பை விட்டார். விட்ட அந்தக் கணத்தில் மான் ஒரு எட்டு எடுத்து வைத்தது.

இன்றைய வில்லிலிருந்து புறப்படும் அம்பு இருபது கெஜத்தைக் கடக்க ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். நாண் அதிரும் சத்தமோ அதற்கும் முன்பே மானின் காதை எட்டிவிடும். மான் அதைக் கேட்டுத் துணுக்குற்றதா, தன் போக்கில் நடக்கத் தொடங்கியதா என்று அவருக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் முக்கால் அடி நகர்ந்துவிட்டது. நுரையீரலில் பாய வேண்டிய அம்பு வயிற்றில் பாய்ந்தது.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு ரத்தத்தை வடித்துத்தான் கொல்லும். நுரையீரலில் பட்டால் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். இதனால் வில் வேட்டைக்காரர்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் பாடம் ஒன்று உண்டு: அம்பு விட்டதும் இறங்காதே. உடனே பின்தொடர்ந்தால் மான் இருக்கும் வலுவையெல்லாம் திரட்டி ஓடும். விட்டுவிட்டால் ஓரிடத்தில் படுத்துக்கொள்ளும். அரை மணி கழித்து இறங்கிப் போய் முதலில் அம்பைத் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பானால் ஈரல், நான்கைந்து மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை படிந்து நாற்றமடித்தால் வயிறு. வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட வேண்டும், எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ கழித்துத்தான் வர வேண்டும்.

அவர் எடுத்த அம்பில் பச்சை படிந்திருந்தது. வீட்டுக்குப் போனார். இரவில் கொயோட்டிகள் ஊளையிடுவது கேட்டது. வலியோடு படுத்திருக்கும் ஓர் உயிரை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போவதுதான் அங்கே கருணை. அந்தத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் செய்துகாட்ட என்னால் முடியுமா?

விடிந்ததும் தடம் பிடித்தார். ரத்தத் தடம் பிடிக்கிறவர்கள் ஒவ்வொரு துளிக்குப் பக்கத்திலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் செடியில் செருகிக்கொண்டே போவார்கள். நின்று திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தெரியும். மான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். மழை வந்தால் தானே கரைந்துவிடும் என்பதால்தான் டிஷ்யூ. பதினேழு துண்டுகள் செருகினேன் என்றார் அவர். பதினேழாவதுக்குப் பிறகு ஒரு துளிகூட இல்லை.

அந்த இடத்தை நடுவாக வைத்து வட்டம் வட்டமாகத் தேடினார். அடுத்த நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயும் போனார். வயிற்றில் அடிபட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே ஓடைக்கரை முழுவதும் நடந்தார். மறுநாள் நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். காகங்கள் எங்காவது கூடுகின்றனவா என்று வானத்தைப் பார்த்தார். கிடைக்கவில்லை. “அதற்கு அடுத்த வாரம் போய்த் தாள்களையெல்லாம் எடுத்துவந்துவிட்டேன்,” என்று சொல்லி முடித்தார்.

“மழையில் கரைந்துபோயிருக்குமே,” என்றது ஒரு குரல்.

“தெரியும்,” என்றார்.

அடுத்தவர் கதையைத் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு எனக்குச் சொன்னது: அந்த மான் கிடைக்காததால் முதியவரின் அனுமதிச்சீட்டு அப்படியே செல்லுபடியாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்தப் பருவத்தில் அவர் மறுபடி பரண் ஏறவில்லை. அது எனக்குப் புரிகிறது. தான் ஒரு மானைக் கொன்றுவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டார். ஆனால் தாள்கள்? அவற்றை எடுப்பதால் மானுக்கு எதுவும் இல்லை. காட்டுக்கும் பெரிதாக எதுவும் இல்லை. வயதான ஒருவர் குளிரில் திரும்பப் போய், குனிந்து குனிந்து, ஒரு வாரத்துக்கு முன் தான் நடந்த தடத்தில் மறுபடி நடந்திருக்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியிருப்பார்? அம்பு விழுந்த இடத்திலிருந்தா, தடம் அற்றுப்போன இடத்திலிருந்தா? இதைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

வேட்டைக்காரர்கள் தங்கள் பக்கம் சொல்லும் நியாயங்கள் எனக்குத் தெரியும். 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் சில லட்சங்களாகக் குறைந்துபோயிருந்த வெள்ளைவால் மான் இன்று சுமார் 3 கோடி. பெரும்பாலான இடங்களில் அதைக் கட்டுக்குள் வைக்க ஓநாய் இல்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடப்படும் வரி 1937 முதலும், வில்லுக்கும் அம்புக்கும் போடப்படும் வரி 1970களிலிருந்தும் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் மான் என்னும் இனத்தைப் பற்றிய நியாயங்கள். என்னை உறுத்துவது ஒரே ஒரு மான்.

அமெரிக்காவில் வில்லுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் முதன்முதலில் 1934இல் இதே விஸ்கான்சினில்தான் வந்தது, சாக், கொலம்பியா என்ற இரண்டு மாவட்டங்களில் மட்டும். அடுத்த ஆண்டு அதே சாக் மாவட்டத்தில் பாழடைந்த பண்ணை ஒன்றை வாங்கியவர் ஆல்டோ லியோபோல்ட். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்ட மனிதர். அவர் இறந்தபின் 1949இல் வந்த புத்தகத்தில் ஒரு கருத்தை எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் கைதட்டவும் கண்டிக்கவும் ஆள் இருக்கிறது, வேட்டைக்காரனுக்கு அப்படி யாரும் இல்லை, அவனுக்கு அவன் மனசாட்சிதான் என்பது போல. அந்த முதியவர் வட்டம் வட்டமாகத் தேடியதை யாரும் பார்க்கவில்லை. தேடாமல் வந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. தேடியதாகச் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம்.

ஆனால் மனசாட்சி என்று சொன்னவுடன் கேள்வி முடிந்துவிடுகிறதா? மனசாட்சி தேடச் சொல்லும், சரி. எப்போது நிறுத்தச் சொல்லும்?

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டை நடக்கும். 1972லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது என்றாலும் ஊருக்கு அது சாமி காரியம். கம்புகளோடும் நாய்களோடும் ஆண்கள் எல்லாம் கண்மாய்க் காட்டுக்குள் இறங்குவார்கள். ஒரு வருடம் ஐயா, என் தாத்தா, என்னையும் கூட்டிப்போனார். யாரோ எறிந்த கம்பு ஒரு முயலின் மேல் பட்டது. அது பின்னங்காலை இழுத்துக்கொண்டே கருவேலம் புதருக்குள் போய் மறைந்தது. நாய்கள் சுற்றிச் சுற்றிக் குரைத்தன, முள்ளுக்குப் பயந்து உள்ளே போகவில்லை. இரண்டு பேர் கம்பை விட்டுக் கிளறிப் பார்த்தார்கள்.

“விடுங்கப்பா. அது கருப்பன் பங்கு,” என்றார் ஐயா.

எல்லாரும் உடனே விட்டுவிட்டார்கள். முகங்களில் ஒரு நிறைவுகூட இருந்தது. நான் மட்டும் புதரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “அதுக்கு வலிக்குமா ஐயா?” என்று கேட்டேன்.

“கருப்பன் பாத்துக்குவான். வாய்யா,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஐயாவை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் நிம்மதியாக வீடு திரும்ப முடிந்தது. முதியவரிடம் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. அவரிடமிருந்து அந்த மானை வாங்கிக்கொள்ளக் கருப்பன் இல்லை. அவருடைய நிலை மேலானது என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஆற்றமுடியாததை ஒப்படைக்க ஓர் இடம் வைத்திருந்த ஐயாதான் மனிதரை நன்றாக அறிந்தவர் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது.

கல்லூரியில் தமிழாசிரியர் திருக்கோவையார் நடத்தியது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் இருக்கிறார்கள். தலைவன் வந்து, மதயானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். பதில் இல்லை. அம்பு பட்ட கலைமான் வந்ததா என்கிறான். அதற்கும் பதில் இல்லை. பிறகு வழி கேட்கிறான், ஊர் கேட்கிறான், பெயர் கேட்கிறான். யானையும் இல்லை, மானும் இல்லை. பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. வகுப்பே சிரித்தது. இன்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தச் சாக்கு எடுபட வேண்டுமானால், அம்பு விட்டவன் தான் காயப்படுத்தியதைத் தேடி முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு வருவது அந்த மலையில் அன்றாடக் காட்சியாக இருந்திருக்க வேண்டும். என் அம்பு பட்டது இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய கேள்வியாக அவர்களுக்கு இருந்திருக்காது.

அந்தக் கேள்வியைப் பொய்யில்லாமல் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மா.

அம்மா ஆசிரியை. ஒரு வருடம், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனை விதிப்படி தேர்ச்சியில்லை என்று நிறுத்தினார். மதிப்பெண்ணில் தவறில்லை, தலைமையாசிரியரும் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தார். பையன் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை. திருப்பூர் என்றார்கள், பெங்களூரு என்றார்கள். அம்மா அவன் ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் கேட்பார். பேருந்து நிலையத்தில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில்: “அந்தப் பய எங்க இருக்கான்னு தெரியுமா?” எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ செய்ததில் என்ன தப்பு என்று அப்பா கேட்டதற்கு, “தப்புன்னு நான் சொன்னேனா? எங்க இருக்கான்னுதான கேக்குறேன்,” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னும் முழுதாக அளந்து முடிக்கவில்லை. குற்ற உணர்வுதான் நம்மைத் தேட வைக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். அம்மாவிடம் அது இருந்ததாகத் தெரியவில்லை. முதியவரிடமும், அந்த ஒரு எட்டு தன் பிழை என்ற பேச்சே இல்லை. தன் கையிலிருந்து புறப்பட்ட ஒன்று எங்கே போய் முடிந்தது என்று தெரிந்துகொள்ளும் கடமை, குற்றத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது போலும். கடையில் ஆட்டுக்கறி வாங்கும் எனக்கு அந்தக் கடமையை வேறு யாரோ சுமக்கிறார்கள். எதுவும் எங்கேயும் தப்பிப் போவதில்லை, நான் எதையும் தேட வேண்டியதில்லை.

பின்னாளில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். எப்போது என்று நான் கவனிக்கவில்லை. அவன் எங்கோ நன்றாக இருப்பதாகச் செய்தி வந்து நிறுத்தினாரா, களைத்துப்போய் நிறுத்தினாரா? இப்போது கேட்க அவர் இல்லை. முதியவர் தாள்களை எடுத்ததும் அப்படி ஒரு நிறுத்தம்தான் என்று சில சமயம் நினைக்கிறேன். தேடி முடித்துவிட்டேன் என்று தன் கையாலேயே ஒப்புக்கொள்வது. மழை அதைச் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது எடுக்கிற சாக்கில் இன்னொரு முறை தேடிப் பார்த்திருக்கலாம். இரண்டில் எது என்பது அவருக்கே தெரியுமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

இந்தச் செப்டம்பருக்கும் அவர் லைசென்ஸ் வாங்கியிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கேட்டதும் ஏனோ ஆறுதலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆறுதலே உறுத்தியது. அவர் மறுபடி பரண் ஏற வேண்டும் என்று விரும்புகிறேனா, கூடாது என்று விரும்புகிறேனா என்பதை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.