பாட்டுக்கும் கூலி உண்டு



திருநாட்காலம் வந்துவிட்டால் பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒலிபெருக்கி முழங்கும். இரவில் இசைக்கோஷ்டி மேடையேறும். சினிமாப் பாட்டுக்கு இளைஞர் ஆடுவர். சில ஆண்டுகளுக்கு முன், கோவில் கூரைக்கு நிதி திரட்ட, இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுக்கு நாமும் டிக்கெட் விற்றோம். கோஷ்டிக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், மேடை போட்டவருக்கும் பணம் கொடுத்தோம். பாட்டுக்களை ஆக்கியவர்களை எவரும் நினைக்கவில்லை, நாமும் நினைக்கவில்லை. இது களவாகுமா?

"பாடுவதால் பாட்டுக் குறைந்தா போகிறது, சுவாமி?" என்று கேட்பீர்கள். குறைவதில்லைதான். கொழுந்து கிள்ளிய தேயிலைச் செடியும் மறுபடி துளிர்க்கிறது. அதற்காகக் கிள்ளியவளுக்குக் கூலி வேண்டாம் என்று துரை சொன்னால் ஒப்புவோமா? நிறுவையில் ஒரு கிலோ கழித்தாலே நெஞ்சு கொதிக்கிறதே! பாட்டு அப்படியே இருக்கலாம். பறிபோவது உழைத்தவனின் கூலி. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார்.

2017 மார்ச்சில் தமிழர் பலரை இக்கேள்வி கலக்கியது. அமெரிக்காவில் மேடை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்த பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடலாகாது என்று இசையமைப்பாளர் இளையராஜாவின் சார்பில் வழக்கறிஞர் அறிவித்தல் சென்றது. அவர் அப்பாடல்களை விட்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். நெடுநாள் நண்பர்களுக்குள் இப்படியா என்று பலர் வருந்தினர். அந்த வருத்தம் நியாயமே. ஆயினும், நட்பு கடனை அழித்துவிடாது. உரிமையைக் கேட்பது பாவமன்று. கேட்கும் விதத்தில்தான் அன்பு சோதிக்கப்படுகிறது.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாட்டைப் பாதுகாக்கிறது. இந்தியாவும் இலங்கையும் பேர்ண் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள். ஆகவே சென்னையில் பிறந்த பாட்டுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. லயத்து வாசலில் குடும்பத்தாரும் நெருங்கியவரும் கூடிப் பாடுவதைச் சட்டம் தடுப்பதில்லை. ஊரைக் கூட்டிப் பாடும்போதே அனுமதிப் பேச்சு எழுகிறது.

கோஷ்டியில் கீபோர்ட் வாசிக்கும் பையன் ஓர் இரவுக்கு வாங்குவது சொற்பம். அவனைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. டிக்கெட் விற்றுப் பணம் சேர்ப்பவர் எவரோ, முதற்கடமை அவருடையது. அதாவது, நம்மைப் போன்றவர்களுடையது.

மறுபக்கமும் பாருங்கள். மலையில் நம் பாட்டிமார் கட்டிய பாட்டுக்களைத் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார் சி. வி. வேலுப்பிள்ளை. அவற்றைக் கட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. நாளை ஒருவர் அப்பாட்டுக்களைப் பதிவு செய்து விற்று, தோட்டத்துக்கு ஒரு சதமும் தராமல், எவர் பாட்டு என்றும் சொல்லாமல் போனால் நமக்கு நோகாதா? நமக்கு நோவது பிறருக்கும் நோகும்.

ஆகவே அடுத்த திருநாளின் வரவுசெலவுக் கணக்கில், "பாட்டை ஆக்கியவர்" என்று ஒரு வரி சேருங்கள். அனுமதி கேளுங்கள், கட்டணம் உண்டானால் கொடுங்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்லுங்கள். கோவில் கூரையின் ஒரு தகரமேனும் பிறர் கூலியில் வாங்கியதாக இருக்கலாகாது.