தண்ணியில்லாக் காட்டு வாத்தியார்

அரசு ஊழியரை மிரட்ட ஒரு சொல் உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எங்கள் காடுதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, கமுதி என்று விரியும் மானாவாரிப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் கண்மாய்கள், வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறு. இங்கே வந்த வாத்தியார்கள் பலர் மாறுதல் உத்தரவை எதிர்பார்த்தே காலத்தைக் கழித்தார்கள். எங்கள் அறிவியல் வாத்தியார் விரும்பிக் கேட்டு வந்தவர். நாற்பதைக் காணாமல் போய்ச் சேர்ந்தார்.

"இங்க என்ன சார் இருக்கு" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொறுக்காது. வாதாடவும் மாட்டார். வெயில் தாழ்ந்ததும் எங்களைக் கண்மாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில், சரளைக்கல் நடுவே முட்டையிடும். புள்ளி விழுந்த அந்த முட்டை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். தாய்ப்பறவை கத்திக் கூப்பாடு போட்டு நம்மை வேறு திசைக்கு இழுக்கப் பார்க்கும். "ஒண்ணுமில்லன்னு கால வச்சிருந்தா நாலு உசுரு போயிருக்கும்டா" என்பார். பனங்காடை, உடைமரம், கிணற்றுக்கு மேலே தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு, எல்லாவற்றையும் பேர் சொல்லித்தான் காட்டுவார். எதையும் பறித்து வரச் சொன்னதில்லை.

'ஒண்ணுமில்லாத காடு' என்ற நினைப்பு இந்தச் சீமைக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. விறகாவது கிடைக்கட்டும் என்றுதான் சீமைக்கருவேலத்தைப் பரப்பினார்கள். அது கண்மாயையும் புஞ்சையையும் பிடித்துக்கொண்டது. (மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் அந்த மரத்தை வாய் கூசாமல் திட்ட என்னால் முடியாது.) 2016-இல் கமுதிப் பக்கம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அங்கே முட்டையிட்டவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இதே கரிசலின் தெற்கே, எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியும் கொஞ்ச காலம் வாத்தியார்தான். 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1921-இல் 38 வயதில் போனார். சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்ததை நாம் கொண்டாடுகிறோம். உலைக்கு அரிசியில்லாமல் நின்ற அவர் மனைவி செல்லம்மாவையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம். திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி இருக்கிறது. எங்கள் வாத்தியாருக்கு அவ்வளவு பெரிய ஞானமெல்லாம் கிடையாது. பார்த்துக் கால் வைக்கத் தெரியும். வாழ்வதற்கு அதுவே போதும் என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

"நல்லவங்கள ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்" என்று அவர் எழவு வீட்டில் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவர் போவதற்கு நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டால், அதுதான் முதல் அஞ்சலி. மற்றதெல்லாம் பிறகு.

வருஷா வருஷம் நினைவு நாளில் ஃபிளெக்ஸ் வைத்து, மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்கிறோம். சித்திரையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இரண்டு கோடை ஊற்றுவது யார் என்று முடிவு செய்துவிட்டுக் குழி தோண்டுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு வாத்தியார் வாய்த்திருந்தால், வீட்டுப் பிள்ளைகளைக் கண்மாய்ப் பக்கம் கூட்டிப்போங்கள். கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள். பங்குனி பிறந்தால் ஆள்காட்டி முட்டையிடத் தொடங்கிவிடும்.