ஒரு வாளி நீர்

மழை ஓய்ந்துவிட்டது. காட்டூரின் தாழ்ந்த தெருக்களில் தேங்கிய நீர்தான் ஓயவில்லை. வானிலிருந்து விழும்போது அது தெளிந்த நீர். தெருமுனையை அடைவதற்குள் கறுத்து, நாறி, கொசுவுக்குக் குடியிருப்பாகி விடுகிறது. காரணம் என்ன? திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரைக் கேட்டால், 'ஆண்டவன் சோதனை' என்பார். அரசியல் பேசும் இளைஞரைக் கேட்டால், 'மாநகராட்சியின் குற்றம்' என்பார். ஒருவர் பழியை விண்ணுக்கு அனுப்புகிறார்; மற்றவர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். தம் வீட்டு வாசற்படியைத் தாண்டித்தான் இருவருமே தேடுகிறார்கள். நாம் அந்த வாசற்படியைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மழைநீர் வடிகால் என்பது மழைநீருக்காக வெட்டப்பட்டது. அதில் இரவோடிரவாகக் கழிவுக் குழாயைத் திருப்பிவிடும் வீட்டுக்காரர் கொடியவர் அல்லர், நல்லவர்தாம். பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், கேட்டவர்க்கு உதவுபவர். 'நூறு வீட்டுக் கழிவு ஓடும் கால்வாயில் என் வீட்டு ஒரு வாளி என்ன செய்துவிடும்?' என்று கேட்கிறார். எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி இது. பள்ளத்துத் தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. எந்த வாளி அந்த நோயைக் கொண்டுவந்தது? நீதிமன்றத்தில் நிறுத்த ஒரு குற்றவாளி கிடைக்கமாட்டான். நூறு பேரும் ஒன்றாகச் செய்த கேட்டுக்கு ஒருவரும் பொறுப்பில்லை என்றாகிறது!

இந்த இடத்தில்தான் கர்மக் கொள்கை மெல்ல நுழைகிறது. குற்றவாளி இல்லையே என்று நாம் திகைத்து நிற்க, அது ஒருவரைக் காட்டிக் கொடுக்கிறது. யாரை? காய்ச்சலில் கிடக்கும் அந்தக் குழந்தையை! போன பிறவியில் அது செய்த பாவமாம். மேட்டில் குழாயைத் திறந்தவருக்குக் குற்றமில்லை. பள்ளத்தில் பிறந்தது குற்றம். இதைவிட வசதியான தத்துவத்தை மேட்டுத் தெருக்காரர் எவரும் கற்பனை செய்ய முடியாது.

1854-இல் இலண்டன் நகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி, சில வாரங்களில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெருவின் அடிகுழாயைச் சுட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஸ்னோவின் கருத்தை மறுக்கவே முதலில் முனைந்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற பாதிரியார். வீடு வீடாக விசாரித்த அவரே, தம் எண்ணம் தவறென்று கண்டு மாற்றிக்கொண்டார். (பாதிரியாரும் ஆராயலாம், ஆராய்ந்தால் மாறலாம்!) அக்கிணற்றுக்கு மூன்றடிக்குள் ஒரு வீட்டின் கழிவுக் குழி கசிந்துகொண்டிருந்தது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் அதில்தான் கொட்டப்பட்டது. ஒரே ஒரு வீடு! ஒரு வாளி என்ன செய்துவிடும் என்பார்க்கு நாம் சொல்லும் விடை அதுதான்.

நம் ஊருக்கு வருவோம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்துப் பணி. ஏறத்தாழ 32,000 ஏக்கருக்குப் பாசனம். திருச்சி நகருக்குள் நுழையும் வரை அது ஆற்றுநீர். நகரைக் கடந்து கிழக்கே வெளிப்படும்போது, நகரத்தின் கழிவையும் சேர்த்தே சுமந்து வருகிறது. அந்த நீர்தான் வாழவந்தான்கோட்டை வரை வயலுக்குப் போகிறது. நகரத்தின் குப்பையோ பல்லாண்டுக் காலம் காட்டூருக்கு அண்மையிலுள்ள அரியமங்கலத்தில் மலையாகக் குவிக்கப்பட்டது. 1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி ஆனபின் குப்பையும் பெருகிற்று. அம்மலையில் பெய்த மழை வேறெங்கே வழிந்திருக்கும்? அம்மா மண்டபத்தில் பாவம் தொலைய மூழ்கி, உடுத்த துணியையும் ஆற்றிலேயே விட்டுப் போகிறவர், தாம் தூய்மையடைந்ததாக நம்புகிறார். அவருடைய அழுக்கு அழியவில்லை, ஐயா. கீழே இருப்பவரிடம் போயிருக்கிறது!

வடிகால் அடைத்துக்கொண்டால் அதில் இறங்குபவர் யார்? எந்தச் சாதியார்? 1993-லும் 2013-லும் சட்டம் செய்தாயிற்று. சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 30 இலட்சம் தரவேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் கூறியாயிற்று. நாம் வீசிய பையை எடுக்க இன்னொருவர் மூச்சடக்க வேண்டியிருக்கிற வரை, தீண்டாமை ஒழிந்தது என்று மேடையில் முழங்க நமக்கே கூச்சமாக இருக்கிறது.

'பாதாளச் சாக்கடை நகரின் நடுவுக்கு முதலில் வந்தது. புறநகருக்குப் பிந்தித்தானே வந்தது? ஒண்டுக் குடித்தனக்காரர் எங்கே குழி தோண்டுவார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வழியற்றவரையும் வழியிருந்தும் திறந்துவிடுபவரையும் ஒரே தராசில் நிறுத்த நாம் ஒப்பவில்லை. மாடிவீடு கட்டியவர், பட்டறையின் எண்ணெயை வடிகாலில் ஊற்றுபவர், முற்றம் முழுவதும் சிமெண்டு பூசி மழைக்கு மண்ணைக் காட்ட மறுப்பவர் ஆகியோரைத்தான் கேட்கிறோம். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பலர் குழாய் பொருத்தினர். பின்னர் அதைத் தூர்வாரியவர் எத்தனை பேர்? மாடியைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மணலும் சரளையும் இட்ட குழியில் இறக்கினால், அந்த 930 லிட்டர் பள்ளத்துத் தெருவுக்குப் போகாது. நம் கிணற்றுக்குப் போகும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிறு காலை, தெருவிலுள்ள இளைஞர்கள் பத்துப் பேர் கூடட்டும். வடிகாலின் ஓரமாக நடந்து, எந்த வீட்டுக் குழாய் அதில் வாய் திறந்திருக்கிறது என்று பார்க்கட்டும். குறித்துக்கொள்ளும் தாளில் முதல் வரி அவரவர் வீட்டுக்கு.