ஆண்டவன் சூடும் ஊமத்தையும் அடியார் அறிய வேண்டியதும்

சிவமயம்



திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரால் பாடப்பெற்ற திருக்கோணமலைப் பதியின் நிழலிலே, கடலும் துறைமுகமும் சூழ்ந்த இம்மண்ணிலே வாழும் பேறு எமக்குக் கிடைத்திருக்கின்றது. எமது ஆலயத்தின் ஆண்டு மலரிலே வழமையாகத் தலபுராணமும் திருவிழாச் சிறப்பும் எழுதுவது அடியேனின் பணி. இம்முறை பூக்கூடையில் இருக்கும் ஒரு மலரைப் பற்றி எழுத உங்கள் அனுமதியை வேண்டி நிற்கின்றேன். இது ஒரு பிரசங்கமும் ஆகும், ஒரு பிழையை ஒப்புக்கொள்வதும் ஆகும்.

2018ஆம் ஆண்டு மகா சிவராத்திரி அன்று மாலை, ஊர்ப் பிள்ளைகள் வில்வமும் கொன்றையும் ஊமத்தையும் பறித்துக்கொண்டு வந்தார்கள். அடியேன் உபயப் பற்றுச்சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் முள்ளுக்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இது சிவனுக்கு விருப்பமான மூலிகையாம். நாங்கள் தின்னலாமோ?" என்று கேட்டான். நான் தலை நிமிரவில்லை. "சிவனுக்கு ஆனது எங்களுக்கு ஆகாதோ தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பற்றுச்சீட்டை எழுதினேன்.

மூன்றாம் சாமப் பூசை நேரம் அந்தப் பிள்ளை கிணற்றடியில் நின்று, இல்லாத நூலை ஆகாயத்திலிருந்து இழுப்பதுபோலக் கைகளை அசைத்துக்கொண்டிருந்தான். இல்லாத ஆட்களோடு கதைத்தான். பெற்ற தாயை யாரென்று கேட்டான். முகம் சிவந்து, உடம்பு காந்தி, வாய் வறண்டு போயிருந்தது. "உரு வந்திட்டுது" என்று சிலர் கைகூப்பினார்கள். ஒருவர் திருநீறு பூசினார். பிள்ளையின் தங்கச்சிதான் அழுதுகொண்டு, "அண்ணா அந்தக் காயை உடைச்சுத் திண்டவர்" என்று சொன்னாள். ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். மூன்றாம் நாள்தான் அவன் தாயை அடையாளம் கண்டான். ஈசன் காத்தான். ஆனால் அன்று நான் சொன்ன ஒரு சொல் இன்றுவரை என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

அதன் பின்னர் வைத்தியர்களிடமும் சித்த வைத்தியப் பெரியவர்களிடமும் கேட்டும், நூல்களில் வாசித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகின்றேன். கந்தோரில் வேலை செய்த காலத்தில், வெவ்வேறு விடயங்களை ஒரே கோவையில் போட்டுக் கட்டினால் பெருங்குழப்பம் வரும் என்று கண்டிருக்கின்றேன். "மூலிகை" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுவதும் அவ்வாறானதே.

தாம்பூலத்துப் பாக்கிலே அரிக்கோலின் என்னும் பொருள் உண்டு. அது சற்று உற்சாகம் தருவது. ஆனால் நெடுங்காலம் மெல்லுவோருக்கு வாய்ப்புற்றுநோய் தரக்கூடியது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. எம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிற்கின்றது.

கஞ்சா வேறு வகை. அது அறிவை மந்தமாக்கி, நேரத்தையும் நினைவையும் குழப்பும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு மனநோயின் வாசலைத் திறந்துவிடக் கூடியது. அபின் இன்னொரு வகை. அது வலியைத் தணிக்கும், அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்தும்.

ஊமத்தை இவை எவற்றோடும் சேராதது. அதில் உள்ள அத்ரோப்பின், ஸ்கொபொலமைன் முதலியன நரம்புகளின் கட்டளையை இடைமறிப்பவை. அதனால் வியர்வை நின்று உடம்பு கொதிக்கும், கண்மணி விரியும், சிறுநீர் தடைப்படும், இருதயம் படபடக்கும். அது தருவது இன்பமான மயக்கமன்று, பயங்கரமான பிதற்றல். இதில் ஆபத்தான உண்மை ஒன்றுண்டு. ஒரு செடியின் விதைக்கும் பக்கத்துச் செடியின் விதைக்கும் நஞ்சின் அளவு வேறுபடும். ஆகவே "இவ்வளவு தின்றால் பயமில்லை" என்று எவராலும் சொல்ல முடியாது. இலையையோ காயையோ கசக்கிய கையால் கண்ணைத் தொட்டாலே கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

பூக்கூடையில் இன்னும் இரண்டு உண்டு. அலரி மயக்கம் தருவதில்லை, இருதயத்தைத் தாக்கும். மஞ்சள் அலரி விதை மிகக் கொடியது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைப் பழுதாக்கும்.

இந்த வேறுபாட்டைக் காட்ட எமது மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறும் உண்டு. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து 1679இல் தப்பினார். நாட்டின் வடபகுதிகளில் திரிந்த காலத்தில், கெட்ட குளத்து நீரால் வந்த காய்ச்சலுக்குக் கஞ்சா இலைத் தூளைக் கருப்பட்டியோடு சேர்த்து உண்டதாகவும், அது தலையைச் சுற்றச் செய்ததாகவும் 1681இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார். அவர் கொடுத்த செய்தியைக் கொண்டு விஞ்ஞானி றொபர்ட் ஹூக் 1689இல் இலண்டன் றோயல் சங்கத்தில் கஞ்சாவைப் பற்றி உரை நிகழ்த்தினார்.

அதே காலத்தில், 1676இல், அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் கலகத்தை அடக்கச் சென்ற ஆங்கிலப் போர்வீரர் சிலர் ஊமத்தை இலையைக் கீரையென்று அவித்து உண்டார்கள். பதினொரு நாட்கள் புத்தி பேதலித்துக் குழந்தைகள்போல் நடந்தார்களாம். தெளிந்த பின் ஒன்றும் நினைவில்லை. அவ்வூரின் பெயராலேயே அங்கு அச்செடி அழைக்கப்படலாயிற்று. நொக்ஸ் தமது அனுபவத்தை நினைவு வைத்து எழுதினார். அந்த வீரர்களுக்கோ எழுதவும் நினைவு மிஞ்சவில்லை. அதற்காகக் கஞ்சா நல்லது என்று எவரும் கொள்ள வேண்டாம். இரண்டும் வெவ்வேறு என்பதே இங்கு பொருள்.

"ஊமத்தை சித்த மருத்துவத்தில் உண்டே" எனச் சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் சுத்தி செய்யும் முறையும் அளவும் துணைமருந்தும் அறிந்தவர் கையில்தான் அது மருந்து. எமது திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவத்தைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகப் படித்துப் பட்டம் பெறுகின்றார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்பதை நாம் வேலியோரத்தில் ஒரு நிமிடத்தில் கற்றுவிட முடியுமா?

இனி, "சிவனே கஞ்சா குடிக்கிறார், நாங்கள் குடித்தால் என்ன?" என்று வாலிபர் கேட்கும் கேள்விக்கு வருவோம். வட இந்தியாவில் சிவராத்திரிக்குப் பாங் அருந்தும் வழக்கம் உண்டு. எமது ஈழத்துச் சைவ ஆலயங்களில் அவ்வழக்கம் இல்லை. திருமூலரும் திருவள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கெனத் தனிப் பகுதியே வைத்திருக்கின்றார்கள்.

பாற்கடலில் எழுந்த ஆலகால விடத்தை எம்பெருமான் ஏன் உண்டார்? தேவர்களும் அதைச் சுவைக்கட்டும் என்றா? அவர்கள் அதைத் தொடாமல் பிழைக்கட்டும் என்றல்லவா! உமாதேவியார் பிடித்த கண்டத்திலே அது நின்றது, உலகம் தப்பியது. அவர் பாம்பை அணிகிறார், நாம் அணிவதில்லை. சுடலையில் ஆடுகிறார், நாம் அங்கே குடியிருப்பதில்லை. அவ்வாறே உலகம் ஒதுக்கிய ஊமத்தையையும் எருக்கையும் அவர் சூடிக்கொள்கிறார். அவர் திருமுடியில் நஞ்சை வைப்பது, "இது எமக்கு வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும்" என்று ஒப்படைப்பதாகும். ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்து வாயில் வைப்பது பக்தியன்று.

அன்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுவே. இன்று இம்மலரின் வழியாகச் சொல்லுகின்றேன்.

அச்சம்பவத்தின் பின் எமது பரிபாலன சபை சில ஒழுங்குகளைச் செய்துள்ளது. ஊமத்தை, எருக்கு, அலரி ஆகியவற்றைப் பெரியவர்களே பறிக்க வேண்டும். பறித்த பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். இவற்றைப் பிரசாதமாக வழங்குவதில்லை. நிர்மாலியம் குழியில் புதைக்கப்படும், காய்கள் உள்வீதிக்குள் கொண்டுவரப்பட மாட்டா. எவரேனும் தவறுதலாக உண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ, மோர், புளி கொடுக்கவோ நேரத்தைச் செலவிடாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சில் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தின்ற காயின் மிச்சத்தையும் கொடுத்துவிடுங்கள். திடீரென ஒரு பிள்ளை பிதற்றினால், உரு என்று கைகூப்புவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது தயவுசெய்து தலை நிமிர்ந்து மறுமொழி சொல்லுங்கள். நஞ்சுண்டு எம்மைக் காத்த கோணேசப் பெருமானும் மாதுமை அம்பாளும் எமது பிள்ளைகள் அனைவரையும் காத்தருள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.