குழந்தையின் கையைக் கட்டிப்போட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் நம் வீடுகளில் வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்லப் பகுத்தறிவு பேசுகிறவர்கள் தயங்குவதில்லை. ஆனால் படித்தவர்களிடம் உலவும் இன்னொரு மூடநம்பிக்கையை நாம் தொடுவதே இல்லை. "சைகை மட்டும் கத்துக் கொடுத்துடாதீங்க, அப்புறம் பேச்சே வராது." காது கேளாத குழந்தையின் பெற்றோரிடம் இதைச் சொல்பவர் பூசாரி அல்ல. பெரும்பாலும் பட்டம் பெற்ற ஒருவர்தான். நேர்த்திக்கடனால் பணம் போகும். இந்த அறிவுரையால் போவது குழந்தையின் மொழி.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது, வாய்மொழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சைகை காட்டிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள், கைகளின் மேல் உட்கார வைக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானம் தவறு என்று அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். இடையில் 130 ஆண்டுகள்!

வாய்மொழிப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஆசிரியை குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து அதிர்வை உணர வைக்கிறார். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ப' என்கிறார். காகிதம் அசைகிறது. பிள்ளையும் ஊதிப் பார்க்கிறது. ஆசிரியையின் பொறுமை வணக்கத்துக்கு உரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உதட்டை மட்டும் பார்ப்பவருக்குப் பாலையும் மாலையும் ஒன்றுதான். 'க' தொண்டைப் பக்கம் பிறப்பதால் கண்ணில் படுவதே இல்லை. ஒரு மொழியை ஏற்கெனவே அறிந்தவர் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்வார். மொழியே இல்லாத மூன்று வயதுப் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

மூளை மொழிக்காகக் காத்திருக்கிறதே தவிர, ஒலிக்காக அல்ல. பிறந்தது முதல் சைகை மொழி பார்த்து வளரும் குழந்தை, மற்றக் குழந்தைகள் முதல் சொல் பேசும் பருவத்தை ஒட்டியே முதல் சைகையைக் காட்டிவிடுகிறது. 1970களின் இறுதியில் நிகரகுவாவின் மனாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்து, ஸ்பானிய மொழியை உதடு பார்த்துப் படிக்கச் சொன்னார்கள். வகுப்பில் அது பெரிதாகப் பலிக்கவில்லை. அதே பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியை உண்டாக்கினார்கள். அடுத்து வந்த சிறுவர்கள் அதற்கு முழு இலக்கணமே கொடுத்துவிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலியை உணர வைக்கும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருப்பது பெரிய நன்மை. தகுதியுள்ள பிள்ளைக்கு அது காலத்தோடு கிடைக்க வேண்டும். ஆனால் கருவி தருவது ஒலியைத்தான். அது சொல்லாக மாற ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் பலிப்பதும் இல்லை. அதுவரை அந்தப் பிள்ளை எந்த மொழியில் அழும், கேள்வி கேட்கும், பொய் சொல்லும்? வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, சைகையும் பேச்சும் மட்டும் ஏன் ஒன்றையொன்று கெடுத்துவிடும்?

எனக்கு உண்மையான காரணம் வேறு என்று படுகிறது. பிள்ளை சைகை காட்டினால் தெருவுக்குத் தெரிந்துவிடும். பேச்சு நம் கௌரவத்துக்கு வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை அம்மாவின் தோளைத் தட்டி "என்ன?" என்று முகத்தால் கேட்கும். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார் அம்மா. அந்த அப்புறம் வருவதே இல்லை. மகனை ஆயிரம் முறை 'அம்மா' சொல்ல வைக்கப் பாடுபட்டவர், அவன் மொழியில் நூறு சைகை கற்றுக்கொள்ள மறுக்கிறார். உழைப்பு முழுவதையும் குழந்தையின் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். எனவே சைகை அந்த வீட்டுக்குள் தானாக வராது. 2020 தேசியக் கல்விக் கொள்கை இந்திய சைகை மொழியைத் தரப்படுத்தச் சொல்கிறது, அகராதியும் வந்திருக்கிறது. பச்சைக் குழந்தையின் வீட்டுக்கு அகராதி போதாது, ஆள் வேண்டும். காது கேட்கவில்லை என்ற பரிசோதனை முடிவு கையில் கிடைக்கும் அதே வாரத்தில் பேச்சுப் பயிற்சியாளரோடு, சைகை மொழியில் வாழும் காது கேளாத பெரியவர் ஒருவரையும் அரசு சம்பளம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பட்டும். தாத்தா பாட்டி உட்பட எல்லாரும் அவரிடம் படிக்கட்டும்.