வைத்தியர் பக்கம் சேர்ந்த சமையல்காரர்

பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு போட்டியைக் கற்பனை செய்கிறார். ஒரு பக்கம் சமையல்காரர், மறுபக்கம் வைத்தியர். உடம்புக்கு எது நல்ல உணவு, எது கெட்டது என்பது இருவரில் யாருக்குத் தெரியும்? தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் குழந்தைகள். அப்படி நடந்தால் வைத்தியர் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்கிறார் சாக்ரடீஸ். உரையாடலின் பிற்பகுதியில் இதே காட்சி வழக்கு மன்றமாகிவிடுகிறது. கசப்பு மருந்து கொடுத்தார், பட்டினி போட்டார் என்று சமையல்காரர் குற்றம் சாட்ட, குழந்தை நடுவர்கள் முன் வைத்தியர் கூண்டில் நிற்கிறார். எல்லாம் உங்கள் நன்மைக்காகத்தான் என்று அவர் சொன்னால் அங்கே எழும் கூச்சலை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சாக்ரடீஸ் உண்மையில் குறிவைத்தது ஏதென்ஸின் மேடைப் பேச்சாளர்களை. ஆனால் அந்த வாதத்தில் அடி வாங்கியவர் சமையல்காரர். சமையல் ஒரு கலையே அல்ல, அது முகஸ்துதி. உடம்புக்கு ஆகுமா என்று கேட்காமல் நாக்குக்குப் பிடித்ததைக் கொடுத்துக் காரியம் சாதிக்கும் பழக்கம் என்பது சாக்ரடீஸின் கட்சி. இனியது ஒரு பக்கம், நல்லது மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் குழந்தை.

சுமார் 2,400 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் இந்தக் கற்பனையை நடத்தியே காட்டின. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் அங்கே 1906இல் வந்தது. 1944இல் அது கடமையாயிற்று. 1980இல், மார்கரெட் தாட்சர் ஆட்சியில் வந்த கல்விச் சட்டம் அந்தக் கடமையைக் கழற்றிவிட்டது. இலவச உணவுக்கு உரிய ஏழைப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டிய கட்டாயம் போயிற்று. சாப்பாட்டில் இவ்வளவு சத்து இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் போயிற்று. 1988க்குப் பிறகு பள்ளிச் சாப்பாட்டுக்கு டெண்டர் விட வேண்டியதாயிற்று. குறைந்த விலை கேட்டவர் கைக்குச் சமையலறைகள் போயின. பல பள்ளிகளில் உறைந்த பொட்டலங்களைப் பிரித்துச் சூடாக்குவதே சமையல் என்றானது.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் சுதந்திரம். பிள்ளைகள் தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். சிப்ஸ், பர்கர், நக்கெட், டர்க்கி ட்விஸ்லர் ஆகியவை தட்டுக்கு வந்தன. டர்க்கி ட்விஸ்லர் என்பது வான்கோழி இறைச்சியைச் சுருளாகப் பிழிந்தெடுத்த பண்டம். அன்றைக்கு அதில் இருந்த வான்கோழி 34 விழுக்காடுதான். ஆறு வயதுக் குழந்தை கீரையை ஒதுக்கிவிட்டுச் சிப்ஸை எடுத்தால் அதைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்லலாமா? தத்துவம் படித்தவர்கள் விட்டுவைத்த அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஒரு பள்ளிச் சமையல்காரர்.

நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் ஈஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டு என்றொரு கிராமம். அங்குள்ள செயின்ட் பீட்டர்ஸ் தொடக்கப் பள்ளி இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. ஜீனெட் ஓரி அதன் சமையல் பொறுப்பாளராக இருந்தார். பொட்டலம் பிரிக்கும் வேலையில் மனம் ஒப்பாமல், 2000ஆம் ஆண்டில் தலைமையாசிரியரின் துணையோடு சமையலைப் பள்ளியின் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டார். உள்ளூர்க் கசாப்புக் கடையிலிருந்து இறைச்சியும் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து காய்கறியும் வந்தன. அடுப்பில் மறுபடியும் சமையல் நடந்தது. 2003இல் சாயில் அசோசியேஷன் என்ற இயற்கை வேளாண்மை அமைப்பு அவரைப் போன்றவர்களோடு சேர்ந்து ‘ஃபுட் ஃபார் லைஃப்’ இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளிச் சாப்பாட்டில் 75 விழுக்காடு அப்போதைக்கப்போது சமைத்ததாகவும், 50 விழுக்காடு உள்ளூரில் விளைந்ததாகவும், 30 விழுக்காடு இயற்கை வேளாண்மையில் வந்ததாகவும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

சாக்ரடீஸின் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. முகஸ்துதி செய்தது ஒப்பந்த நிறுவனம். வைத்தியர் பக்கம் போய் நின்றது சமையல்காரர்.

ஓரியின் வேலையால் ஊக்கம் பெற்றவர்களில் ஒருவர் தொலைக்காட்சிச் செஃப் ஜேமி ஆலிவர். 2005இல் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்த அவருடைய ‘ஜேமிஸ் ஸ்கூல் டின்னர்ஸ்’ தொடர், தென்கிழக்கு லண்டனின் கிரீனிச் பகுதியில் உள்ள கிட்புரூக் பள்ளியில் தொடங்கியது. ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கான பொருள்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருந்தது 37 பென்ஸ். புகழ்பெற்ற செஃப் ஒருவர் வந்து நல்ல சாப்பாடு சமைத்து வைத்ததும் பிள்ளைகள் ஓடி வந்து சாப்பிடவில்லை. பலர் தட்டைத் தள்ளினார்கள். பள்ளியின் தலைமைச் சமையல்காரர் நோரா சாண்ட்ஸ், இவ்வளவு நேரம் பிடிக்கிற சமையலை எங்கள் வேலை நேரத்துக்குள் எப்படி முடிப்பது என்று அவரோடு நேருக்கு நேர் சண்டை போட்டார். பொட்டலம் பிரித்துப் பழகிய சமையல்காரப் பெண்களை ராணுவச் சமையலறைக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டையே அசைத்த மாற்றம் கடைசியில் இந்தப் பெண்களின் கூடுதல் உழைப்பின் மேல்தான் நின்றது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகழ் முழுவதும் ஜேமிக்குப் போய்விட்டது.

2005 மார்ச் 30 அன்று 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு ஜேமி பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவுக்குப் போனார். டோனி பிளேர் அரசு 28 கோடி பவுண்டு அறிவித்தது. தொடக்கப் பள்ளியில் ஒரு சாப்பாட்டுக்குக் குறைந்தது 50 பென்ஸ் பொருள் என்றும் வரையறுத்தது. அடுத்த ஆண்டு புதிய தரவிதிகள் வந்தன. கிரீனிச் பள்ளிகளின் பதிவுகளை ஆராய்ந்த மிஷேல் பெலோ, ஜோனதன் ஜேம்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில, அறிவியல் தேர்வு முடிவுகள் உயர்ந்ததையும், உடல்நலக் குறைவு போன்ற அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக விடுப்பு எடுப்பது சுமார் 14 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் தத்துவத்துக்கு அதிக வேலை இருந்திருக்காது.

2006 செப்டம்பரில், யார்க்ஷயரின் ராதரம் நகருக்கு அருகில் ராமார்ஷ் என்ற இடத்தில், சில தாய்மார்கள் பள்ளி வேலிக்கு வெளியே நின்று பர்கரும் சிப்ஸும் உள்ளே கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கடையில் வாங்கி வந்து, வேலி வழியாக நீட்டினார்கள். பத்திரிகைகள் அவர்களை மிகக் கேவலமாகச் சித்திரித்தன. அவர்கள் சொன்னதையோ யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிவிட்டார்கள், வரிசை நீளம், பிள்ளை வாங்குவதற்குள் மணி அடித்துவிடுகிறது, வெளியே போகவும் விடுவதில்லை, புதிய சாப்பாடு பிடிக்காமல் பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்பதே அவர்களுடைய முறையீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பிள்ளை என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்ய நீங்கள் யார் என்ற கேள்வி.

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூல், ஒருவருடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமை இல்லை என்று வாதிடுகிறது. ஆனால் அதே நூல், இந்த விதி குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது. ஆக, குழந்தையின் சார்பில் யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். தாயா, அரசா, செஃபா? யாருமே முடிவெடுக்காவிட்டால் விளம்பரம் முடிவெடுக்கும். 1980க்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் அதுதான் நடந்தது.

அரிஸ்டாட்டில் இதை வேறு வழியில் அணுகுகிறார். எதில் மகிழ வேண்டும், எதில் வருந்த வேண்டும் என்பதற்குச் சிறு வயதிலிருந்தே பழக்கப்பட வேண்டும், கல்வி என்பதே அதுதான் என்பது அவர் பிளேட்டோவிடமிருந்தே எடுத்துக்கொண்ட கருத்து. ஆசை தானாக முளைப்பதில்லை, யாரோ விதைக்கிறார்கள். அறிவு சொல்லி அதைப் பிடுங்கிவிடவும் முடிவதில்லை. 2010இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹண்டிங்டன் நகரத்துக்குப் போன ஜேமி, குழந்தைகள் கண் முன்னே கோழியின் எலும்புக்கூட்டையும் தோலையும் அரைத்து, சலித்து, பொடிகள் சேர்த்து, வறுத்து நக்கெட் செய்து காட்டினார். முகம் சுளித்த அதே குழந்தைகள், இதை இன்னும் யார் சாப்பிடுவீர்கள் என்று அவர் கேட்டதும் கையைத் தூக்கினார்கள். நன்மையை அறிந்தவன் அதையே செய்வான் என்ற சாக்ரடீஸின் நம்பிக்கை அந்த அறையில் தோற்றுப்போனது.

லண்டனில் ஜேன் வார்டிலும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஒரு பிரிவுப் பெற்றோர் தம் குழந்தைக்கு ஒரே காயை 14 நாள் தினமும் சிறிது ருசி பார்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குச் சத்துணவு பற்றிய அறிவுரைத் தாள் மட்டும் தரப்பட்டது. காயை விரும்பவும் கூடுதலாகச் சாப்பிடவும் தொடங்கியவர்கள் தினமும் ருசி பார்த்த குழந்தைகள்தான்.

பழக்குவதே ஒரு வகை வன்முறை என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் உலகின் பெரும்பாலான சமயங்களும் அந்தக் குற்றத்தைச் செய்தவையே. யூதக் குழந்தையோ, முஸ்லிம் குழந்தையோ, சமணக் குழந்தையோ தன் வேதத்தைப் படிப்பதற்கு முன்பே தட்டின் வழியாகத் தன் மரபைக் கற்றுக்கொள்கிறது. எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, என்றைக்கு நோன்பிருப்பது என்பதெல்லாம் சம்மதம் கேட்டு வருவதில்லை. வளர்ந்த பின் அந்தக் குழந்தை மரபை ஏற்கலாம், விடலாம். ஆனால் ஏற்கவோ விடவோ கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. பழக்குவது தவறல்ல; யாருடைய நன்மைக்காகப் பழக்குகிறோம் என்பதே கேட்க வேண்டியது. ட்விஸ்லரும் பழக்கம்தான், அது விற்றவருக்காக ஏற்படுத்திய பழக்கம்.

எனவே ராமார்ஷ் தாய்மார்கள் சாப்பாட்டைப் பற்றி எடுத்த முடிவு தவறு, தங்களை ஒருவரும் கேட்கவில்லை என்ற கோபம் நியாயம். ஜேமிக்கும் இது பின்னர் புரிந்திருக்க வேண்டும். 2008இல் ‘மினிஸ்ட்ரி ஆஃப் ஃபுட்’ தொடருக்காக அதே ராதரம் நகருக்குப் போனவர், வேலிக்கு அருகில் நின்ற தாய்மார்களில் ஒருவரையே தேடிப்போய்ப் பேசி, தன் வேலையில் சேர்த்துக்கொண்டார். இம்முறை பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே சமையல் கற்றுக்கொடுத்தார். கற்றவர் ஒவ்வொருவரும் இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டத்தால் திணித்ததைவிட இது மெதுவான வழி, ஆனால் மரியாதையான வழி.

பிளேட்டோ தவறியது ஓர் இடத்தில். வைத்தியரையும் சமையல்காரரையும் எதிரிகளாகவே நிறுத்தியதால், நல்லதை இனியதாக்கும் ஒருவர் அவர் கண்ணில் படவில்லை. பூசணியை எத்தனை நேரம் வறுத்தால் அதன் இனிப்பு வெளியே வரும், எந்தக் காயைச் சாற்றில் மறைத்து முதல் வாரம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முழுதாகத் தட்டில் வைக்கலாம் என்பதெல்லாம் முகஸ்துதி அல்ல. குழந்தைக்கு மறுக்க வழியில்லாத இடத்தில் நல்லதைக் கட்டாயமாக்குகிறவர், அதை ருசியாக்கும் உழைப்பையும் தம் கடமையாக ஏற்க வேண்டும். சத்து அட்டவணையை மட்டும் அனுப்பிவிட்டு, வெந்தும் வேகாத காயைத் தட்டில் தள்ளி, சாப்பிடாத பிள்ளையைக் குறை சொல்லும் அரசுக்கு அந்தக் கட்டாயத்தை விதிக்கத் தகுதி இல்லை.

இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். ஏழைப் பிள்ளை தனியாக அடையாளம் காட்டப்பட்டு வெட்கப்பட வேண்டிய நிலை அந்த வகுப்புகளில் ஒழிந்தது. ஆனால் இலவசமாக வருவது எப்படிச் சமைக்கப்படுகிறது என்பதை அந்தந்தச் சமையலறையில் நிற்பவரின் நேரமும் சம்பளமும் பயிற்சியும்தான் இன்றும் தீர்மானிக்கின்றன. எந்த நாட்டிலும் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றிக் கூடிப் பேசும் குழுவில் மருத்துவரும் அதிகாரியும் நிதித் துறையினரும் இருக்கிறார்கள். அந்த மேசையில் தினமும் கரண்டி பிடிக்கிற ஒருவருக்கும், பிள்ளையைப் பெற்ற ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள்; அவர்கள் பேசி முடித்த பிறகு பட்டியலை எழுதுங்கள்.